குளியலறை வேலையை வடிகாலில் இருந்து ஆரம்பியுங்கள்

மூடாக்கு, பலபயிர் விதைப்பு, பாரம்பரிய நெல் என்று நம் இதழில் வயலைப் பற்றி நிறையப் படிக்கிறோம். வயலில் இருந்து முப்பது தப்படி தள்ளி, வீட்டுப் பின்புறம் இருக்கிற குளியலறையைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. பெரம்பலூர், அரியலூர் இரண்டு மாவட்டத்திலும் இயற்கை விவசாயிகள் பலர் வீட்டுக்குப் போயிருக்கிறேன். தோட்டம் கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருக்கும். பின்பக்கம் போனால் குளித்த தண்ணீர் கறுத்துத் தேங்கி நிற்கும். கொசு மொய்க்கும். அதன் மேல் இரண்டு செங்கல் போட்டு தாண்டித் தாண்டிப் போவோம். அதே நேரம் வாழைக்குத் தண்ணீர் பத்தவில்லை என்று போர் மோட்டார் ஓடிக்கொண்டிருக்கும்.

இந்த மாசி, பங்குனியில் எங்கள் வீட்டுக் குளியலறையை நாங்களே இடித்து மாற்றிக் கட்டினோம். நாங்கள் என்றால் நான், என் மனைவி, மகன், மருமகள், பத்து வயதுப் பேத்தி. மேற்பார்வை எண்பத்து நாலு வயது அம்மா. எங்கள் ஊர் குன்னம் வட்டத்தில், அரியலூர் எல்லைக்குப் பக்கம். நல்ல கரிசல். பருத்தியும் மக்காச்சோளமும் போடுகிற மண். இந்த மண்ணைச் சொல்லாமல் குளியலறையைச் சொல்ல முடியாது, ஏன் என்று பிறகு தெரியும்.

வேலையை ஆரம்பிக்கக் காரணம் அம்மாதான். பழைய குளியலறையில் சிமெண்ட் தளம் வெடித்து, பாசி பிடித்து வழுக்கும். கழிப்பறை அதில் இருந்து தள்ளி, கொல்லைக் கோடியில். ராத்திரியில் அவ்வளவு தூரம் நடக்க வேண்டும் என்பதால் அம்மா சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் தண்ணீரே குடிப்பதில்லை. இது எங்களுக்கு ரொம்ப நாள் தெரியாது. சிறுநீர்க் கடுப்பு வந்து டாக்டரிடம் போனபோதுதான், "எந்திரிச்சுப் போவணுமேன்னு குடிக்கறதில்ல"ன்னு சாதாரணமாகச் சொன்னார். உங்கள் வீட்டிலும் வயதானவர்கள் இருந்தால் ஒரு தடவை கேட்டுப் பாருங்கள். நிறைய வீட்டில் இதே கதைதான்.

ஒரு ஒப்பந்தக்காரரைக் கூப்பிட்டு மதிப்பு கேட்டோம். 1 லட்சத்து 10 ஆயிரம் சொன்னார். அதில் சுவருக்கு உச்சி வரை டைல்ஸ், வெஸ்டர்ன் பேசின், பளபளப்பான குழாய்கள் எல்லாம் இருந்தது. தண்ணீர் எங்கே போகும் என்று கேட்டேன். "பத்தடிக்கு ஒரு குழி எடுத்து எல்லாத்தையும் அதுல விட்டுடலாம் சார், இருபது வருசம் திரும்பிப் பாக்க வேணாம்" என்றார். வங்கியில் இருந்த காலத்தில் நூற்றுக்கணக்கான வீட்டுக் கடன் வரைபடங்கள் என் மேசைக்கு வந்திருக்கின்றன. எல்லாவற்றிலும் மூலையில் ஒரு சின்னக் கட்டம் போட்டு 'செப்டிக் டேங்க்' என்று எழுதியிருக்கும். அந்தக் கட்டத்துக்குள் போனது பிறகு எங்கே போகிறது என்று எந்த வரைபடத்திலும் இருக்காது. அதனால் வடிகாலை முதலில் முடிவு செய்வது, தளமும் சுவரும் பிறகு என்று வீட்டில் உட்கார்ந்து பேசி முடிவெடுத்தோம்.

இதில் முதல் கணக்கு, இரண்டு தண்ணீரையும் பிரிப்பது. குளிக்கிற தண்ணீர் வேறு, கழிப்பறைத் தண்ணீர் வேறு. ஒரே குழியில் விட்டால் என்ன ஆகும் என்று பாருங்கள். செம்மண் கலந்த மணற்பாங்கான நிலத்தில் குழியின் சுவர் ஒரு சதுர மீட்டருக்கு ஒரு நாளைக்கு சுமார் 30 லிட்டர் உறிஞ்சும் என்று பொறியாளர்கள் கணக்கு வைக்கிறார்கள். களிமண்ணில் 10 லிட்டர்தான். எங்கள் கரிசலுக்கு அந்த 10தான் பொருந்தும். உள்விட்டம் 4 அடி, செங்கல் சுவரோடு வெளியே 4¾ அடி, தண்ணீர் நிற்கிற உயரம் 4½ அடி என்று ஒரு வட்டக் குழி எடுத்தால் வெளிச்சுவரின் பரப்பு சுமார் 67 சதுர அடி, அதாவது 6 சதுர மீட்டருக்குக் கொஞ்சம் மேலே. ஆக, நாளைக்கு 60 லிட்டர் சொச்சம் உறிஞ்சும். கழிப்பறைக்கு ஆளுக்கு 10 லிட்டர், ஆறு பேருக்கு 60. சரியாகப் போகும். இதோடு குளிக்கிற தண்ணீரையும் விட்டால்? ஒரு வாரம் வாளி வைத்து அளந்தோம். ஒருவருக்கு சராசரி 22 லிட்டர், ஆறு பேருக்கு 130 லிட்டருக்கு மேல். குழி இரண்டு வாரத்துக்குள் முட்டி நிற்கும். 'எங்க வீட்டுக் குழி சீக்கிரம் நெறஞ்சு போச்சு'ன்னு கரிசல்காட்டு ஊர்களில் சொல்வதெல்லாம் பெரும்பாலும் மலம் நிறைந்ததால் அல்ல. தண்ணீர் போக வழியில்லாததால்.

குழிக்கு நாங்கள் எடுத்துக்கொண்டது இரட்டைக் குழி முறை. பீகாரில் சுலப் அமைப்பைத் தொடங்கிய பிந்தேஷ்வர் பதக் 1970களில் இருந்து நாடு முழுக்கப் பரப்பியது இதைத்தான். தூய்மை பாரத இயக்கத்தில் கழிப்பறை இல்லாத வீட்டுக்கு 12 ஆயிரம் ரூபாய் கொடுத்தபோது, கிராமங்களுக்கு அரசு சிபாரிசு செய்ததும் இதையே. பேசினில் இருந்து வருகிற குழாய் ஒரு சின்னத் தொட்டிக்கு வந்து, அங்கிருந்து ஒய் மாதிரி இரண்டாகப் பிரியும். ஒரு வாயை அடைத்துவிட்டு ஒரு குழியை மட்டும் பயன்படுத்துவோம். எங்கள் அளவுக்கு ஐந்தாறு வருடத்தில் அது நிறையும். நிறைந்ததும் அடைப்பை மாற்றிவிட்டால் இரண்டாவது குழி வேலை செய்யும். முதல் குழியை இரண்டு வருடம் தொடாமல் விட்டால் உள்ளே இருப்பது மக்கி, வாடையில்லாத காய்ந்த எரு ஆகிவிடும். மண்வெட்டியால் அள்ளலாம்.

எங்கள் வீட்டில் இதை நம்பவைக்கத்தான் ரொம்பப் பாடுபட்டேன். "அதை யாரு அள்ளுவா?" என்பதுதான் எல்லோருடைய கேள்வியும். 2017 பிப்ரவரியில் தெலங்கானாவில் வாரங்கல் பக்கம் கங்காதேவிபள்ளி என்ற ஊரில், மத்திய அரசின் குடிநீர், சுகாதாரத் துறைச் செயலாளராக இருந்த பரமேஸ்வரன் ஐயர் தானே இறங்கி இப்படி மக்கிய குழியில் இருந்து எருவை எடுத்துக் காட்டினார். கூடவே மற்ற அதிகாரிகளும் இறங்கினார்கள். அந்தப் படத்தை மருமகளிடம் காட்டினேன். "ஐஏஎஸ் எறங்குறாரு, நாம எறங்கலாம் மாமா" என்று சிரித்தாள். அத்தோடு வாக்கெடுப்பு முடிந்தது.

சிரிப்பு ஒரு பக்கம் இருக்கட்டும். அந்தப் பத்தடிக் குழியில் எனக்கு உடன்பாடு இல்லாததற்கு இன்னொரு காரணம் உண்டு. மூடிய தொட்டியில் மலமும் தண்ணீரும் வருடக்கணக்கில் கிடந்தால் ஹைட்ரஜன் சல்பைடு, மீத்தேன் மாதிரி வாயுக்கள் சேரும். மூடியைத் திறந்து இறங்குகிறவர் மயங்கி விழுவார், அவரைத் தூக்க இறங்குகிறவரும் விழுவார். செய்தித்தாளில் இப்படி மாதம் தவறாமல் படிக்கிறோம். இறப்பது யார், எந்தத் தெருக்காரர் என்பதும் நமக்குத் தெரியும். 2013ஆம் ஆண்டுச் சட்டம் பாதுகாப்புக் கருவி இல்லாமல் மனிதரைத் தொட்டிக்குள் இறக்குவதைக் குற்றம் என்கிறது. யாரோ ஒருத்தர் இறங்கினால்தான் சுத்தமாகும் என்கிற மாதிரி ஒன்றை என் வீட்டில் கட்டிவிட்டு, 'நஞ்சில்லா உணவு' என்று மேடையில் பேச எனக்கு மனசு வராது.

கொல்லைக் கோடியில் இருந்த பழைய தொட்டியை நாங்கள் யாரும் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. உரிமம் உள்ள லாரியை வரவழைத்து வெளியில் இருந்தே உறிஞ்சி எடுக்கச் சொன்னோம். எங்கே கொண்டுபோய்க் கொட்டுவார்கள் என்று கேட்டு உறுதி செய்துகொண்டோம். ஏரிக்கரையில் கொட்டிவிட்டுப் போகிற வண்டிகளும் இருக்கின்றன. பிறகு மூடியை உடைத்து உள்ளே தள்ளி, மண் போட்டு நிரப்பிவிட்டோம். வீட்டு வேலை எதை வேண்டுமானாலும் குடும்பமாகச் செய்யலாம், பழைய தொட்டிக்குள் இறங்குவதைத் தவிர.

குழி எடுக்கும்போது கவனிக்க வேண்டியவை சில உண்டு. குடிநீர்க் கிணறு, போர் இவற்றில் இருந்து குறைந்தது 10 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும். நாங்கள் 60 அடி தள்ளி எடுத்தோம். கரிசல் ஈரமானால் உப்பும், காய்ந்தால் வெடிக்கும். செங்கல் சுவரை நேராக அதில் முட்டவிட்டால் நெரித்துவிடும், களி வந்து ஓட்டைகளையும் அடைக்கும். அதனால் சுவரைச் சுற்றி ஒரு அடிக்கு மணலும் சின்ன ஜல்லியும் நிரப்ப வேண்டும். எனவே கிட்டத்தட்ட ஏழு அடி அகலத்துக்குத் தோண்டினோம். மாசியில் மண் பதமாக இருந்தது. சித்திரைக்கு விட்டால் கடப்பாரை இறங்காது, ஐப்பசியில் எடுத்தால் ஓரம் சரியும். தோண்டிய அன்றே கட்ட ஆரம்பித்துவிட வேண்டும். திறந்த குழியைக் குழந்தைகள் இருக்கிற வீட்டில் ஒரு ராத்திரி விடக்கூடாது. செங்கலை ஒரு வரிசை விட்டு ஒரு வரிசை இடைவெளி விட்டுக் கட்டினோம், தேன்கூடு மாதிரி இருக்கும். குழாய் நுழைகிற மட்டத்துக்கு மேலே மட்டும் இடைவெளி இல்லாத கட்டு. அடியில் சிமெண்ட் போடக்கூடாது. காற்றுக் குழாயும் தேவையில்லை, வாயுவை மண்ணே வாங்கிக்கொள்ளும். இரண்டு குழிக்கும் நடுவில் 6 அடி விட்டோம். இந்தக் கட்டு வேலைக்கு மட்டும் ஒரு கொத்தனாரை இரண்டு நாள் வைத்துக்கொண்டோம். அவர் கட்ட, நாங்கள் கலவை போட்டுக் கொடுத்தோம்.

எல்லா ஊருக்கும் இரட்டைக் குழி பொருந்தாது. திருமானூர், தா.பழூர் பக்கம் கொள்ளிடக் கரையில் இருப்பவர்களுக்குத் தண்ணீர் மட்டம் மேலேயே இருக்கும். குழியில் இருந்து கசிவது நேரே குடிநீரில் கலக்கும். பெரம்பலூருக்கு மேற்கே மலையடிவாரத்தில் நாலு அடியிலேயே பாறை தட்டினால் அங்கேயும் வேண்டாம். பாறை வெடிப்பு வழியாக அழுக்கு ரொம்ப தூரம் போகும். இவர்கள் முசிறிக்கு ஒருமுறை போய்ப் பார்க்கலாம். எங்கள் மாவட்டமும் முசிறியும் ஒரு காலத்தில் ஒரே திருச்சி மாவட்டம்தான். காவிரிக் கரையில் குழிக் கழிப்பறை நிலத்தடி நீரைக் கெடுக்கிறது என்று பார்த்து, 'ஸ்கோப்' அமைப்பின் சுப்புராமன் அங்கே 'ஈக்கோசான்' கழிப்பறைகளைக் கொண்டுவந்தார். 2021இல் அவருக்கு பத்மஸ்ரீ கிடைத்தது. அதில் குழியே கிடையாது. தரைக்கு மேலே இரண்டு அறை கட்டி, மலம் ஒரு துளையில், சிறுநீர் ஒரு குழாயில், கழுவுகிற தண்ணீர் இன்னொரு பக்கம் என்று பிரிப்பார்கள். மலத்தின் மேல் சாம்பல் தூவுவார்கள். முசிறியில் பொதுக் கழிப்பறை ஒன்றில், பயன்படுத்தியவர்களுக்கே சின்னத் தொகை கொடுத்தார்கள். உரம் கொடுக்கிறார்கள் அல்லவா, அதற்கான கூலி! சிறுநீரை வாழைக்கு விட்டு திருச்சி வாழை ஆராய்ச்சி மையமும் ஆய்வு செய்தது.

இனி அறைக்குள் போவோம். அம்மாவுக்கு ஒரு ஆட்சேபம் இருந்தது. "குளிக்கிற எடத்துலயே கக்கூசா? என்னடா இது, வெளங்குமா?" என்றார். அதனால் நடுவில் ஒரு சுவர் வைத்து இரண்டாகப் பிரித்தோம். குளிக்க 6 அடிக்கு 5 அடி, கழிப்பறைக்கு 4 அடிக்கு 5 அடி. இரண்டுக்கும் தனித்தனிக் கதவு, இரண்டும் அம்மா படுக்கிற தாழ்வாரத்தைப் பார்த்து. அவர் கட்டிலில் இருந்து கழிப்பறைக்கு இப்போது ஒன்பது தப்படி.

பழைய தளம் ஏன் வெடித்தது என்று இடித்துப் பார்த்தபோது தெரிந்தது. அடியில் அப்படியே கரிசல். ஒன்றரை அடி ஆழத்துக்கு அந்த மண்ணை முழுக்க வெட்டி எடுத்துவிட்டு, அரியலூர் பக்கம் இருந்து வந்த செம்மண் சரளையைப் போட்டு, தண்ணீர் விட்டுத் திமிசு போட்டோம். இந்த வேலைதான் ரொம்பக் கடினம். மகனுக்கு இரண்டு நாள் கை தூக்க முடியவில்லை. ஆனால் கரிசல்காட்டில் தளம் போடுகிற யாரும் இதைத் தவிர்க்க முடியாது. மேலே எவ்வளவு விலை உயர்ந்த டைல்ஸ் போட்டாலும் கீழே மண் மூச்சு விட்டால் வெடித்துவிடும்.

வெட்டிய கரிசல் வீணாகவில்லை, தென்னை வட்டப்பாத்திக்குப் போனது.

சரளைக்கு மேல் ஜல்லிக் கலவை மூன்று அங்குலம். அதன் மேல் சாய்வு கொடுத்த பூச்சு. சாய்வுதான் குளியலறையின் உயிர். ஐந்து அடிக்கு முக்கால் அங்குலம் சாய்வு இருந்தால் தண்ணீர் நிற்காது, நடக்கிறவருக்கும் சாய்வு தெரியாது. தண்ணீர் ட்யூப் பிடித்து நாலு மூலையிலும் மட்டம் குறித்து நூல் கட்டினோம். பூச்சு இறுகியதும் பேத்தி தன் கோலிக்குண்டுகளை உருட்டிச் சோதனை செய்தாள். ஒரு மூலையில் மட்டும் குண்டு உருளாமல் நின்றது, அங்கே மறுபடி பூசினோம். பிறகு சுவரோரம் ஒரு அடி உயரம் வரை சேர்த்து நீர்புகாப் பூச்சு இரண்டு கை. காய்ந்ததும் வடிகாலை அடைத்து இரண்டு அங்குலம் தண்ணீர் கட்டி இரண்டு நாள் விட்டோம். மட்டம் குறையாமல் நின்றது. இந்தச் சோதனையை யார் வேலை செய்தாலும் கேட்டு வாங்குங்கள், பலர் இதைச் செய்வதே இல்லை.

தரைக்கு வழவழப்பில்லாத கடப்பாக்கல். பாலிஷ் போட்டது வேண்டாம் என்று கடைக்காரரிடம் மூன்று தடவை சொல்ல வேண்டியிருந்தது. ஈரத்திலும் கால் பிடிக்கும். வாசலில் படி வைக்கவில்லை, அரை அங்குல ஏற்றம் மட்டும். கதவு வெளிப்பக்கம் திறக்கும். உள்ளே யாராவது விழுந்தால் கதவை அடைத்துக்கொண்டு கிடப்பார்கள், உள்பக்கம் திறக்கிற கதவை அப்போது தள்ள முடியாது. பேசினுக்குப் பக்கத்திலும் குளிக்கிற ஸ்டூலுக்குப் பக்கத்திலும் கைப்பிடிக் குழாய். அதை வெறும் பூச்சில் திருகாமல், செங்கல் வரை துளை போட்டு இறுக்கினோம். அம்மாவின் முழு எடையையும் அது தாங்க வேண்டும்.

பேசின் விஷயத்தில் வெஸ்டர்ன் வேண்டாம் என்று முடிவெடுத்ததற்குக் காரணம் முன்னே சொன்ன கணக்குதான். கிராமப்புற பேசின் என்று ஒன்று கடையில் கிடைக்கும். சரிவு அதிகமாக இருக்கும். அதன் டிராப்பில் தண்ணீர் நிற்கிற அளவு 20 மில்லிமீட்டர்தான். ஒன்றரை, இரண்டு லிட்டர் ஊற்றினால் போதும். ஃப்ளஷ் டேங்க் வைத்தால் ஒவ்வொரு தடவையும் அதைப் போல மூன்று நான்கு மடங்கு போகும், குழி தாங்காது. அம்மாவால் குத்த வைக்க முடியாது என்பதால், பேசினுக்கு மேல் வைக்கிற நாலு கால் இருக்கை ஒன்று வாங்கினோம். அவர் போன பிறகு ஓரமாக நகர்த்திவிடலாம்.

சுவருக்கு டைல்ஸ் நாலு அடி வரைதான், மனைவியின் தேர்வு. அதற்கு மேல் சுண்ணாம்புப் பூச்சு. சுண்ணாம்புக்கல் பூமியில் இருந்துகொண்டு குளியலறைக்கு மேலே பெயின்ட் அடிப்பானேன்? ஈரத்தை வாங்கி வெளியே விடும், பூசணம் பிடிக்காது. நீர்த்த சுண்ணாம்பை ஒரு வாரம் ஊறப்போட்டு, மணலோடு சேர்த்து, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீர் விட்டுக் குழைத்தோம். பக்குவம் சொன்னது அம்மா. சுண்ணாம்பில் கை வைக்கிறவர்கள் கையுறையும் கண்ணாடியும் போடாமல் வேலை செய்யக்கூடாது. மின்சார வேலையை எலக்ட்ரீசியனிடமே விட்டோம். ஈரமுள்ள அறையில் அது விளையாட்டில்லை.

குளிக்கிற தண்ணீருக்கு வருவோம், நம் இதழ் வாசகர்களுக்கு இதுதான் முக்கியம். அறையில் இருந்து வருகிற குழாயில் முதலில் முடி, நூல் பிடிக்க ஒரு வலைக்கூடை. வாரம் ஒருமுறை கையால் எடுத்துப் போட வேண்டும், அதைச் செய்யாவிட்டால் எல்லாமே அடைத்துக்கொள்ளும். அங்கிருந்து 8 அடி நீளம், இரண்டரை அடி அகலத்தில் ஜல்லி நிரப்பிய பாத்தி. அதில் கல்வாழையும் சேம்பும். சென்னையில் பம்மல் இந்திரகுமாரும், இந்துகாந்த் ரகடேயும் வீட்டுக் கழிவுநீரைக் கல்வாழை வழியாக விட்டுச் சுத்தம் செய்யலாம் என்று பல வருடம் சொல்லி வந்தவர்கள். அதையேதான் செய்திருக்கிறோம். வேரைச் சுற்றி வாழ்கிற நுண்ணுயிர்கள் அழுக்கைத் தின்கின்றன. பாத்தியில் இருந்து தண்ணீர் தானாகவே வாழைக்குப் போகிறது. ஒரு வாழைக்கு நாளைக்கு 15 முதல் 20 லிட்டர் என்று வைத்தால், ஒருவர் குளிக்கிற தண்ணீர் ஒரு வாழைக்குச் சரி. எங்கள் ஆறு பேருக்கு ஆறேழு வாழை. யாராவது ஊருக்குப் போனால் "உங்க வாழை காயுது"ன்னு பேத்தி போனில் சொல்கிறாள்.

இந்தத் தண்ணீரைத் தொட்டியில் சேர்த்து வைக்காதீர்கள். ஒரு நாள் தாண்டினால் நாற்றம் எடுக்கும், கொசு முட்டையிடும். மண்ணுக்கு மேலே ஓடவும் விடாமல், மூடாக்குக்கு அடியில் போய் இறங்கும்படி விடுங்கள். கீரைக்கும் கிழங்குக்கும் வேண்டாம்.

சோப்பு விஷயத்தில் கரிசல்காரர்கள் மற்றவர்களைவிட அதிகக் கவனமாக இருக்க வேண்டும். குளிக்கிற சோப்பிலும், அதைவிட அதிகமாகத் துணி பவுடரிலும் இருப்பது சோடியம். களிமண்ணில் சோடியம் ஏறினால் மண்ணின் கட்டுமானம் உடைந்து, துகள் எல்லாம் பிரிந்து, மழை பெய்தால் சேறாகவும் காய்ந்தால் கல்லாகவும் ஆகிவிடும். தண்ணீர் உள்ளே இறங்காது. அதனால் துணி துவைக்கிற தண்ணீரை இந்தப் பாத்தியில் விடவே இல்லை. அது தனியாக, ஓரத்தில் இருக்கிற வேம்புக்கும் புங்கனுக்கும் இடம் மாற்றி மாற்றிப் போகிறது. தலைக்கு அரப்பும் சீயக்காயும். நம் பக்கத்துக் காடுகளில் உசிலை மரம் தாராளமாக இருக்கிறது, இலையைக் காயவைத்து இடித்தால் அரப்பு. ஷாம்பூ பாக்கெட்டை விடமாட்டேன் என்று மருமகள் சொன்னாள். வாரம் ஒன்று என்று உடன்படிக்கை. வருடம் ஒருமுறை பாத்தி ஓரமும் வாழையடியிலும் ஜிப்சம் போட இருக்கிறோம். ஜிப்சத்தில் உள்ள கால்சியம் சோடியத்தைத் தள்ளிவிடும். நம் ஆலத்தூர் வட்டத்தில் காரைப் பக்கம் களிமண் ஓடைகளில் கண்ணாடித் துண்டு மாதிரி மின்னுகிறதே, அது ஜிப்சம்தான். என்ன இருந்தாலும் அதை ஓடையில் போய் வெட்டாதீர்கள். கடல் இருந்த காலத்துப் புதைபடிவங்கள் உள்ள இடம். கடையில் சாதா ஜிப்சம் கிடைக்கிறது.

பேசினைக் கழுவ ஆசிட், பிளீச்சிங் பவுடர் கூடாது. குழியில் மக்க வைக்கிற உயிர்களை அது கொன்றுவிடும். புளித்த மோரும் தேங்காய்நார் பிரஷ்ஷும் வைத்திருக்கிறோம், கொஞ்சம் கை வலிக்கும்.

செலவுக் கணக்கு நோட்டில் இப்படி இருக்கிறது: செங்கல் 9,000, மணல், ஜல்லி 6,000, சிமெண்ட் 4,900, குழாய்கள் 4,500, கதவுகள் 4,500, கடப்பாக்கல் 4,200, கொத்தனார் கூலி 2,000, கைப்பிடிகள் 1,800. மற்றது எல்லாம் சேர்த்து 45 ஆயிரத்துக்குக் கொஞ்சம் உள்ளே. ஆட்கள் வைத்திருந்தால் இதைப் போல இரண்டு மடங்குக்கு மேல். ஆனால் ஐந்து வாரம் ஆனது. அதுவரை எதிர் வீட்டுக் குளியலறையைப் பயன்படுத்தினோம். அவசரக்காரர்களுக்கு இந்த வேலை சரிப்படாது.

கடைசியாகச் சிறுநீர். நம் உடம்பில் இருந்து வெளியே போகிற தழைச்சத்தில் பெரும்பகுதி சிறுநீரில்தான் இருக்கிறது. ஒருவருக்கு வருடத்துக்குச் சுமார் 500 லிட்டர். இரட்டைக் குழியில் அது மண்ணுக்குள் போய்விடும். அதனால் கழிப்பறை மூலையில் ஆண்களுக்கு ஒரு சின்னச் சிறுநீர்ப் பேசின் வைத்து, தனிக் குழாயில் வெளியே இருக்கிற மூடிய 20 லிட்டர் கேனுக்கு இறக்கினோம். இப்போதைக்கு நானும் மகனும்தான் உபயம். மூடி வைக்காவிட்டால் அம்மோனியா ஆவியாகிப் போய்விடும், சத்தும் போய் நாற்றம்தான் மிஞ்சும். ஒரு பங்குக்கு எட்டுப் பங்கு தண்ணீர் கலந்து, தென்னைக்கும் வாழைக்கும் வேரோரம், இலையில் படாமல் ஊற்றுகிறோம். சொந்த வீட்டுச் சாப்பாட்டுக்கான பயிர் என்றாலும், ஊற்றிய பிறகு அறுவடைக்கு ஒரு மாதமாவது இடைவெளி விடும்படி உலக சுகாதார நிறுவனத்தின் 2006 வழிகாட்டுதல் சொல்கிறது. விற்பனைக்குப் போகிற வெங்காயத்துக்கும் பருத்திக்கும் நாங்கள் இதைத் தொடுவதில்லை. அங்ககச் சான்றிதழ் வைத்திருப்பவர்கள், சிறுநீரோ குழி எருவோ, வயலில் எங்கே போடுவதற்கு முன்னும் சான்றளிக்கும் அமைப்பிடம் எழுத்தில் கேட்டு, பதிலையும் எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். குழி எரு வரும்போது தோட்டத்து வேலியோரத் தேக்குக்குப் போடுவதாக எண்ணம்.

ஒய் தொட்டியின் மூடியில், முதல் குழியைத் திறந்துவிட்ட தேதியை மகன் பெயின்டால் எழுதி வைத்திருக்கிறான். உங்கள் வீட்டில் செய்தாலும் அதை எழுதிவிடுங்கள், ஆறு வருடம் கழித்து யாருக்கும் ஞாபகம் இருக்காது.